நகர்மன்றத்திலிருந்து பிரதமர் பதவி வரை: டச்சுத் தலைவர் வில்லெம் டிரேஸ்

1907-ம் ஆண்டு முதல் 1919-ம் ஆண்டு வரை நெதர்லாந்துப் பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஆற்றிய உரைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்த ஊழியர்களுள் வில்லெம் டிரேஸ் என்ற இளைஞரும் ஒருவர். பிறருடைய பேச்சைத் தாளில் எழுதி வைத்த அவரே, 1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டின் பிரதமரானார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அப்பதவியில் நீடித்தார். இந்த இரு நிலைகளுக்கும் இடையில் அவர் ஏறிய படிகள் பல: நகர்மன்ற உறுப்பினர், நகர நிர்வாகக்குழு உறுப்பினர், மாகாண சபை உறுப்பினர், பாராளுமன்ற உறுப்பினர், மத்திய அமைச்சர். ஆட்சியின் ஒவ்வொரு அடுக்கிலும் பணியாற்றிய ஒருவர், கீழ் அடுக்கில் கற்ற பாடத்தை மேல் அடுக்கில் எவ்வாறு சட்டமாக்கினார் என்பதை ஆராய்வது, உள்ளாட்சியைப் பயிலும் மாணவர்களுக்கும் அதை நடத்தும் அலுவலர்களுக்கும் பயன் தருவதாகும்.

மூன்று அடுக்கு ஆட்சி

டிரேசின் பணியைப் புரிந்துகொள்ள, முதலில் நெதர்லாந்தின் ஆட்சியமைப்பைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1848-ல் திருத்தப்பட்ட அரசியலமைப்பும், அதைத் தொடர்ந்து 1850-ல் இயற்றப்பட்ட மாகாணச் சட்டமும், 1851-ல் இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டமும் அந்நாட்டு நிர்வாகத்தின் அடிப்படையாக அமைந்தன. இவற்றை வகுத்தவர் தோர்பெக்கே என்ற அரசியல் அறிஞர். மத்திய அரசு, மாகாணம், நகராட்சி என்ற மூன்று அடுக்குகளை அவர் ஏற்படுத்தினார். பெருநகரம், சிற்றூர் என்ற பாகுபாடின்றி எல்லா ஊர்களுக்கும் ஒரே சட்டம் பொருந்தியது.

நகர்மன்றம் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நகரத் தலைவரை மன்னரின் பெயரால் மத்திய அரசு நியமிக்கிறது. அன்றாட நிர்வாகத்தை நடத்தும் குழுவின் மற்ற உறுப்பினர்களை மன்றம் தேர்ந்தெடுக்கிறது. கல்வி, நிதி, பொதுப்பணி, சமூக நலம் போன்ற துறைகளை இவர்கள் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு மந்திரிசபையில் மந்திரிகள் வகிக்கும் இடத்தை நகரத்தில் இவர்கள் வகிக்கிறார்கள் எனலாம். 2002-ம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை இவர்கள் மன்றத்தின் உறுப்பினர்களாகவும் நீடித்தனர். மாகாணத்திலும் இதே அமைப்பு உண்டு. பாராளுமன்றத்தின் மேல்சபையை மாகாண சபை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர்.

இவ்வமைப்பின் தனிச்சிறப்பு ஒன்றையும் கவனிக்க வேண்டும். நகராட்சிக்கு இருவகைப் பணிகள் உண்டு. ஒன்று, தன் எல்லைக்குள் தானே முடிவு செய்து நடத்தும் பணி. மற்றொன்று, மத்திய அரசின் சட்டங்களை அதன் சார்பில் நிறைவேற்றும் பணி. இரண்டாவது வகைப் பணியில்தான் மேலே இயற்றப்படும் சட்டத்தின் குறைகள் கீழே இருப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிகின்றன. டிரேசின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

சுருக்கெழுத்தாளர் பெற்ற கல்வி

டிரேஸ் 1886-ம் ஆண்டு ஜூலை 5-ம் தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை வங்கி ஊழியர். டிரேஸ் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் காலமானார். வணிகப் பள்ளியில் பயின்ற டிரேஸ், சில ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தார். 1904-ல் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். சுருக்கெழுத்தில் தேர்ச்சி பெற்று, முதலில் ஆம்ஸ்டர்டாம் நகர்மன்றத்திலும் பின்னர் ஹேக் நகரில் உள்ள பாராளுமன்றத்திலும் பணியில் அமர்ந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவருக்குப் பாராளுமன்றமே பாடசாலை ஆயிற்று. மசோதாக்கள் எவ்வாறு விவாதிக்கப்படுகின்றன, எந்த வாதம் நிற்கிறது, எந்த வாதம் விழுகிறது என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினார். சிக்கனமான பேச்சும், புள்ளிவிவரங்களில் பிழையில்லாத பிடிப்பும் அவருடைய இயல்புகளாகப் பின்னாளில் பாராட்டப்பட்டன.

திறந்திருந்த ஒரே கதவு

1894-ல் தோன்றிய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி, 1913-ல் மந்திரிசபையில் சேரும்படி அழைக்கப்பட்டபோது அதை ஏற்க மறுத்தது. பிற கட்சிகளுடன் கூடி ஆட்சி செய்தால் தொழிலாளர் இயக்கத்தின் கொள்கை நீர்த்துப்போகும் என்ற அச்சமே காரணம். பின்னர் அக்கட்சி வளர்ந்தபோதும் மற்றக் கட்சிகள் அதனைச் சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. 1939-ம் ஆண்டில்தான் முதன்முதலாக அது மத்திய மந்திரிசபையில் இடம் பெற்றது. இவ்வாறு இருபத்தாறு ஆண்டுகள் நாட்டின் ஆட்சியில் இடமில்லாதிருந்த கட்சிக்கு நகராட்சிகளின் கதவு மட்டும் திறந்திருந்தது. 1914-ல் ஸான்டாம் நகரில் முதல் சமதர்ம நகரத் தலைவர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நிர்வாகக்குழுவில் சேர்ந்த விபாட், தொழிலாளர் குடியிருப்புகள் கட்டுவதில் புகழ் பெற்றார். எதிர்காலச் சமுதாயத்தைப் பற்றிப் பேசிவந்தவர்கள், குடிநீர்க் குழாய், வீட்டு வாடகை, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது.

டிரேஸ் 1913-ல் ஹேக் நகர்மன்ற உறுப்பினரானார். 1917-ம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை அளித்து, விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையையும் கொண்டுவந்தது. பெண்கள் வாக்குரிமை 1919-ல் சட்டமாயிற்று. வாக்காளர் தொகை பெருகியதால் தொழிலாளர் கட்சியின் செல்வாக்கும் பெருகியது. 1919-ல் டிரேஸ் ஹேக் நகர நிர்வாகக்குழுவில் சமூகநலத் துறைக்குப் பொறுப்பேற்றார். 1931 வரை அத்துறையையும், அதன்பின் 1933 வரை நிதி மற்றும் பொதுப்பணித் துறைகளையும் கவனித்தார். ஒரே நகரத்தில் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து நிர்வாகப் பொறுப்பு வகித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஏழையர் உதவி: தர்மமா, உரிமையா?

அக்காலத்தில் ஏழைகளுக்கு உதவுவது 1912-ம் ஆண்டு ஏழையர் சட்டத்தின்படி நடைபெற்றது. இச்சட்டத்தின் கோட்பாடு 1854-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. வறியவரைக் காப்பது முதற்கண் குடும்பம், திருச்சபை, தனியார் தர்ம நிறுவனங்கள் ஆகியவற்றின் கடமை. அவர்கள் கைவிட்டபின்னரே நகராட்சி முன்வர வேண்டும். எனவே உதவி கேட்டு வருபவர், வேறு எவரிடமும் உதவி பெற வழியில்லை என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வீட்டு நிலையும் குடும்பத்தாரின் வருவாயும் விசாரிக்கப்பட்டன. உழைத்து ஓய்ந்த முதியவரும் இந்த விசாரணைக்கு உட்பட்டார்.

முதுமைக் கால உதவிக்கென ஒரு சட்டம் இல்லாமல் இல்லை. 1913-ல் இயற்றப்பட்டு 1919-ல் நடைமுறைக்கு வந்த காப்புறுதிச் சட்டம், கூலிக்கு உழைத்துச் சந்தா செலுத்தியவர்களுக்குச் சிறு ஓய்வூதியம் வழங்கியது. ஆனால் சிறு கடைக்காரர், குத்தகை விவசாயி, கைவினைஞர் ஆகியோர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். அரசே தன் பணத்திலிருந்து எல்லா முதியோருக்கும் ஓய்வூதியம் அளிக்க வேண்டும் என்பது தொழிலாளர் கட்சியின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது.

பெரும்பான்மையான அரசியல்வாதிகளுக்கு இது மேடைப் பொருள். சமூகநலப் பொறுப்பை ஏற்றிருந்த டிரேசுக்கோ இது அன்றாட நிர்வாகம். எத்தனை விண்ணப்பங்கள், ஒவ்வொன்றையும் விசாரிக்க எவ்வளவு ஊழியர், நகரின் வருவாயில் எவ்வளவு செலவு என்பவற்றை அவர் ஆண்டுதோறும் கணக்கிட வேண்டியிருந்தது. 1929-ம் ஆண்டுச் சட்டத்தால் நகராட்சிகள் தாமே வருமான வரி விதிக்கும் உரிமையை இழந்து, மத்திய அரசின் நிதியை மேலும் மிகுதியாக நம்பவேண்டி வந்தது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதோர் தொகை பெருகியபோது, உதவித்தொகையின் அளவையும் நிபந்தனைகளையும் மத்திய அரசு இறுக்கியது. பணம் பெற வந்தவர் முன் நின்றது நகராட்சி; கையைக் கட்டிப் போட்டது மத்திய அரசு. வறுமை என்னும் பெருஞ்சுமையை ஒரு நகரம் தனித்துத் தாங்க இயலாது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் கற்பித்திருக்க முடியாது.

மாகாணமும் பாராளுமன்றமும்

1919 முதல் 1941 வரை டிரேஸ் தென் ஹாலந்து மாகாண சபையிலும் உறுப்பினராக இருந்தார். 1933-ல் பாராளுமன்றக் கீழ்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் நகர நிர்வாகப் பொறுப்பை விட்டார். ஆயினும் நகர்மன்றம், மாகாண சபை, பாராளுமன்றம் ஆகிய மூன்றிலும் ஒரே சமயத்தில் உறுப்பினராக நீடித்தார். நம் நாட்டில் ஒருவர் பாராளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் ஒருங்கே உறுப்பினராக இருப்பதை அரசியலமைப்பின் 101-வது பிரிவு தடுக்கிறது. நெதர்லாந்தில் அத்தகைய தடை இல்லை. ஒருவரிடமே பதவிகள் குவிகின்றன என்ற குறை இதற்கு உண்டு. மேல் அடுக்கில் சட்டம் இயற்றுபவருக்குக் கீழ் அடுக்கின் அனுபவம் பழையதாகிவிடாமல் இருக்கிறது என்ற நன்மையும் உண்டு.

1939-ல் தொழிலாளர் கட்சி மந்திரிசபையில் சேர்ந்தபோது டிரேஸ் அதன் பாராளுமன்றக் குழுத் தலைவரானார். 1940 மே மாதத்தில் ஜெர்மனி நெதர்லாந்தை ஆக்கிரமித்தது. டச்சு ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் ஜெர்மானியர் சிறைவைக்கப்பட்டதற்குப் பழிவாங்கும் வகையில் பல டச்சுப் பிரமுகர்களை ஜெர்மானியர் பிணையாகப் பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவராக டிரேஸ் 1940 அக்டோபர் முதல் ஓராண்டு புக்கன்வால்டு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். விடுதலையானபின் இரகசியமாக இயங்கிய கட்சியிலும், போருக்குப் பிந்தைய ஆட்சியைப் பற்றிய மறைமுக ஆலோசனைகளிலும் முக்கிய இடம் வகித்தார். பல கட்சியினரோடு ஆபத்தைப் பகிர்ந்துகொண்ட அந்த நாட்கள், பின்னாளில் கூட்டாட்சி நடத்த அவருக்குத் துணை செய்தன.

1947-ம் ஆண்டுச் சட்டம்

1945 ஜூன் மாதத்தில், விடுதலை பெற்ற நாட்டின் முதல் மந்திரிசபையை ஸ்கெர்மர்ஹார்னும் டிரேசும் அமைத்தனர். டிரேஸ் சமூகநல அமைச்சரானார். மறு ஆண்டு பழைய தொழிலாளர் கட்சியும் வேறு சில முற்போக்குக் குழுக்களும் இணைந்து தொழிற்கட்சி என்ற புதிய கட்சியாயின.

போரால் சிதைந்த நாட்டில் நிரந்தரமான காப்புறுதித் திட்டத்தை வகுக்க நெடுங்காலம் ஆகும் என்பதை டிரேஸ் உணர்ந்தார். அதுவரை முதியோர் காத்திருக்க இயலாது. ஆகவே 1947-ல் முதியோர் உதவிக்கான அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது அவ்வாண்டு அக்டோபர் 1-ம் தேதி அமுலுக்கு வந்தது. 65 வயது நிறைந்து, குறிப்பிட்ட வரம்புக்குக் குறைவான வருவாய் உள்ளோர் அனைவருக்கும் அரசு நிதியிலிருந்து உதவித்தொகை கிடைத்தது. முன்பு சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கூலித் தொழிலாளியும் சொந்தத் தொழில் செய்தவரும் ஒன்றாகக் கருதப்பட்டனர். முதியோர் பலர் திருச்சபையின் தர்மத்தையோ பிள்ளைகளின் தயவையோ எதிர்பாராமல் வாழ முடிந்தது. உதவித்தொகை பெறுவதை, “டிரேசிடமிருந்து வாங்குகிறேன்” என்றே மக்கள் சொல்லத் தொடங்கினர். ஒரு சட்டம் ஓர் அமைச்சரின் பெயராலேயே வீடுகளில் வழங்கியது அரிதான நிகழ்ச்சியாகும்.

இது முழுமையான சட்டம் அன்று. வருவாய் வரம்பு இருந்தபடியால் விசாரணை முற்றிலும் ஒழியவில்லை. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய இச்சட்டம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 1956-ல், டிரேஸ் பிரதமராகவும் சூர்ஹாஃப் சமூகநல அமைச்சராகவும் இருந்தபோது பொது முதியோர் சட்டம் நிறைவேறியது. 1957 ஜனவரி 1 முதல், 65 வயதை எட்டியவர் எல்லோருக்கும், செல்வர் வறியவர் என்ற வேறுபாடின்றி ஓய்வூதியம் உரிமையாயிற்று. உழைக்கும் வயதினர் தம் வருவாயிலிருந்து செலுத்தும் சந்தா அதற்கு நிதியாயிற்று. இச்சட்டத்திலும் ஒரு குறை இருந்தது. மணமான தம்பதியரின் ஓய்வூதியம் கணவன் பெயரிலேயே வழங்கப்பட்டது. 1985-ல்தான் இது மாற்றப்பட்டது. ஓய்வூதிய வயது 2013 முதல் படிப்படியாக உயர்த்தப்பட்டு 2024-ல் 67 ஆயிற்று. எனினும் 1957-ல் இடப்பட்ட அடிப்படை இன்றும் நிற்கிறது.

பிரதமராக

1948 ஆகஸ்டு 7 முதல் 1958 டிசம்பர் 22 வரை நான்கு மந்திரிசபைகளுக்கு டிரேஸ் தலைமை வகித்தார். 1948 தேர்தலில் அவருடைய கட்சிக்கு 100-ல் 27 இடங்களே கிடைத்தன. கத்தோலிக்க மக்கள் கட்சிக்கு 32 கிடைத்தன. சிறிய கட்சியின் தலைவரைப் பிரதமராக ஏற்று, இவ்விரு கட்சிகளும் வேறு கட்சிகளுடன் சேர்ந்து ஆட்சி நடத்தின. பல கட்சிகள் பங்குபெறும் நகர நிர்வாகக்குழுவில் பதினான்கு ஆண்டுகள் பழகியவருக்கு இத்தகைய ஆட்சி புதிதன்று.

புனரமைப்புக் காலமாதலால் சிக்கனம் அவருடைய ஆட்சியின் நோக்கமாக இருந்தது. தொழில் வளர்ச்சிக்காகக் கூலி உயர்வு அரசின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது. தொழிலாளரின் தலைவர் என்று பெயர் பெற்றவர், தொழிலாளர் கூலியை அடக்கி வைக்கிறார் என்ற குறைகூறலுக்கு ஆளானார். அவருடைய விடை தெளிவானது: இன்று நுகர்வைக் குறைத்தால்தான் வேலைவாய்ப்பும் சமூகக் காப்புறுதியும் நிலைபெறும். 1945-ல் பொருளியல் அறிஞர் டின்பர்கன் தலைமையில் அமைக்கப்பட்ட மத்தியத் திட்டமிடல் அலுவலகத்தின் கணிப்புகளும், 1950-ல் தொழிலாளர், முதலாளிகள், நிபுணர்கள் ஆகியோரைக் கொண்டு நிறுவப்பட்ட சமூகப் பொருளாதாரக் கவுன்சிலும் இக்கொள்கைக்குத் துணை நின்றன.

1953 பிப்ரவரி 1-ம் தேதி கடல் பொங்கித் தென்மேற்கு மாகாணங்களின் அணைக்கரைகளை உடைத்தது. 1,836 பேர் மாண்டனர். அணைக்கரைகளைப் பராமரித்துவந்தவை அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த சிறுசிறு நீர்வாரியங்கள். இத்தகைய பேராபத்தைத் தடுக்க அவற்றின் வசதி போதாது என்பது தெளிவாயிற்று. டிரேஸ் அரசு நியமித்த குழுவின் ஆலோசனைப்படி 1958-ல் டெல்டா சட்டம் வந்தது. முகத்துவாரங்களை அடைக்கும் பொறுப்பை மத்திய அரசு மேற்கொண்டது. நீர்வாரியங்கள் ஒழிக்கப்படவில்லை, காலப்போக்கில் ஒன்றாக்கப்பட்டு இன்று 21 ஆக உள்ளன. எந்தப் பணி எந்த அடுக்கிற்கு உரியது என்பதைக் கொள்கைப் பிடிவாதத்தால் அன்றி, பணியின் பரிமாணத்தால் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அனுபவத்தின் எல்லை

டிரேசின் வரலாற்றில் மறைக்கக்கூடாத பக்கமும் உண்டு. 1945-ல் சுதந்திரம் அறிவித்த இந்தோனேசியாவின் மீது நெதர்லாந்து இருமுறை பெரும் படையெடுப்பு நடத்தியது. 1947 ஜூலையில் நடந்த முதல் படையெடுப்பின்போது அவர் அமைச்சர். 1948 டிசம்பரில் நடந்த இரண்டாவதன்போது அவரே பிரதமர். இதனைக் கண்டித்து 1949 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு புதுடில்லியில் ஆசிய நாடுகளின் மாநாட்டைக் கூட்டினார். உலக நாடுகளின் வற்புறுத்தலுக்குப் பின் 1949 டிசம்பர் 27-ல் இறையாண்மை இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போரில் டச்சுப் படைகள் இழைத்த கொடுமைகளுக்காக 2022-ல் டச்சுப் பிரதமர் ருட்டே மன்னிப்புக் கோரினார். தன் நகரத்து முதியவரின் மானத்தை மதித்த ஆட்சியாளர், கடல் கடந்த ஒரு மக்களின் விடுதலை வேட்கையை உரிய காலத்தில் மதிக்கத் தவறினார். உள்ளாட்சி அனுபவம் ஒருவரைத் தேர்ந்த நிர்வாகியாக்கும். தான் அறிந்த வட்டத்துக்கு வெளியேயும் அவர் தெளிவாகப் பார்ப்பார் என்பதற்கு அது உறுதியாகாது.

1958 டிசம்பரில் வரி உயர்வை எவ்வளவு காலம் நீட்டிப்பது என்ற பிரச்சினையில் கூட்டணி முறிந்து டிரேஸ் பதவி விலகினார். 1971-ல் தம் கட்சியின் புதிய போக்கை ஏற்காமல் அதிலிருந்து வெளியேறினார். எளிய வாழ்க்கை நடத்தி, 1988 மே 14-ம் தேதி ஹேக் நகரில் தம் 101-வது வயதில் காலமானார்.

நாம் கருத வேண்டியவை

நகராட்சியில் பயின்ற தலைவர்கள் நம் நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். ராஜாஜி சேலம் நகராட்சியிலும், நேரு அலகாபாத் நகராட்சியிலும், வல்லபபாய் படேல் அகமதாபாத் நகராட்சியிலும் தலைவர்களாக இருந்தவர்கள். அரசியலமைப்பின் 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தபின், நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் உள்ளாட்சியில் பொறுப்பு வகிக்கின்றனர். அவர்களுடைய அனுபவம் மேல் அடுக்குகளுக்குச் சென்று சேர வழி உண்டா என்பதே கேள்வி.

முதியோர் உதவித்தொகைத் திட்டத்தை உத்தரப் பிரதேசம் தொடங்கியதும் 1957-ல்தான். 1995 முதல் மத்திய அரசும் தேசிய சமூக உதவித் திட்டத்தின் வாயிலாக இதில் பங்கேற்கிறது. பயனாளிகளை அடையாளம் காணும் பொறுப்பு கிராமப் பஞ்சாயத்துகளிடமும் நகராட்சிகளிடமும் உள்ளது. எந்த விதி தகுதியுள்ள கிழவியைத் திருப்பி அனுப்புகிறது, எந்தச் சான்றிதழுக்காக அவர் நாள் கணக்கில் அலைகிறார் என்பதை அறிந்தவர்கள் அவ்விடத்து உறுப்பினர்களும் அலுவலர்களுமே. ஹேக் நகரச் சமூகநலத் துறையில் டிரேஸ் கற்றதும் இத்தகைய செய்திகளைத்தான். அவற்றை அவர் நாட்டின் சட்டமாக்க இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. கீழிருந்து வரும் குறிப்புகளைக் கோப்பில் முடக்காமல் மேலே செலுத்தினால், அந்தக் கால இடைவெளியைக் குறைப்பது நம்மால் இயலும்.